மங்கலான நிறங்கள் மட்டும்

அந்தச் சிவப்புச் சுடிதாரை மூன்றாவது முறையாகப் பைக்குள் திணித்து, முழங்காலால் அமுக்கிக்கொண்டு ஜிப்பை இழுத்தாள் அவள்.

மூன்றாவது முறையாக அதை உருவி வெளியே போட்டான் கொழுந்தன்.

வேன் வர இன்னும் இருபது நிமிடம்தான் இருந்தது.

கட்டிலின் மேல் சஃபாரி கம்பெனிக்காரர்கள் கொடுத்த தாள் கிடந்தது. முதன்முறை வருபவர்களின் கவனத்துக்கு. தொப்பி, பைனாகுலர், முழுக்கைச் சட்டை கொண்டுவரவும். சென்ட் பூச வேண்டாம். மங்கலான நிறங்கள் மட்டும். பளிச்சென்ற உடையில் வருபவர்கள் கேட்டிலேயே திருப்பி அனுப்பப்படுவார்கள்.

கடைசி வரிக்குக் கீழே நகத்தால் ஒரு கீறல் கீறி அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். இதைப் போட்டுக்கொண்டு போவதும் காட்டெருமைக்குப் பத்திரிகை வைத்துக் கூப்பிடுவதும் ஒன்றுதான் என்றான்.

அவள் சுடிதாரை எடுத்து மறுபடி மடித்தாள்.

கேட்டில் திருப்பி அனுப்பிவிட்டால் அவ்வளவுதான். நாளைக் காலை கிளம்புவதுதான் இந்தப் பருவத்தின் கடைசி ஜீப். மாலையோடு காட்டை மூடிவிடுவார்கள். அப்புறம் நான்கு மாதம் மழை.

மழைக்குப் பிறகு அங்கே தேடுவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது. இரண்டு பேருக்கும் தெரியும். இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

இருபத்திமூன்று நாளுக்கு முன்னால் அவள் கணவன் ஆபீஸ் நண்பர்களோடு அதே காட்டுக்குப் போனான். வழிகாட்டியோடு நடந்துபோய்ப் பார்க்கிற சஃபாரி. யானை துரத்தியது. அவனையும் சேர்த்து ஒன்பது பேரும் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள்.

எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள்.

பத்து நாள் தேடினார்கள். அதில் இரண்டு நாள் ஹெலிகாப்டர் பறந்தது. பிறகு, வருந்துகிறோம் என்று ஒரு கடிதம் வந்தது.

இனி உள்ளே போக ஒரே வழி, சஃபாரி டிக்கெட். தேட வந்தவர்கள் என்று தெரிந்தால் அதுவும் கிடையாது. போன வாரம்தான் கேட்டில் வைத்து வனத்துறை அதிகாரியின் காலரைப் பிடித்து உலுக்கியிருந்தான் கொழுந்தன். அதனால் டிக்கெட் அவன் சிநேகிதன் பெயரில். அடையாளம் தெரியக்கூடாதென்று மீசையையும் வழித்துவிட்டான். மீசை இல்லாத அந்த முகத்தைப் பள்ளிக்கூட குரூப் போட்டோவில்தான் கடைசியாகப் பார்த்திருப்பார்கள்.

காலையிலிருந்து அவளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தான். மானைப் பார்த்தால் ஆச்சரியப்பட வேண்டும். மயிலைப் பார்த்தால் போட்டோ எடுக்க வேண்டும். பைனாகுலரைத் தரைப் பக்கமே பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

"எது கண்ணுல பட்டாலும் மூஞ்சி மட்டும் மாறக் கூடாது அண்ணி. ஜாலியா ஊர் சுத்த வந்தவங்க மாதிரி சிரிச்சுக்கிட்டே இருக்கணும். எங்கே, சிரிங்க பாப்போம்."

சிரித்துக் காட்டினாள்.

அவன் சட்டென்று திரும்பிக்கொண்டு தண்ணீர் பாட்டிலை நிரப்பப் போனான்.

திரும்பி வந்தபோது அவள் சிவப்புச் சுடிதாரைப் பையில் வைக்கவில்லை; உடம்பில் போட்டிருந்தாள். அதன்மேல் மண் நிறத்தில் ஒரு நீளக் கோட்டு மாட்டி, கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போனதும் கழற்றிவிடுவேன் என்றாள்.

இந்த முறை அவன் சண்டைக்கு வரவில்லை. அண்ணன் எங்கேயாவது விழுந்து கிடந்தால் தூரத்திலிருந்தே அவர் கண்ணில் படட்டும் என்றுதானே என்று கேட்டான். குரல் இறங்கியிருந்தது.

ஆமாம் என்று தலையை ஆட்டியிருந்தால் பேச்சு முடிந்திருக்கும். ஆட்டத்தான் போனாள்.

ஆனால் அவன் பல்லைக் கடித்தான். ஆறடி ஆள் என்ன குண்டூசியா? மேலே பறந்தவன் முகத்தில் இருந்தது கண்ணா, புண்ணா? ஆள் கிடந்தும் தெரியவில்லையென்றால் தேடவே இல்லை என்றுதானே அர்த்தம்?

"அந்த ஆபீசர் மட்டும் நாளைக்கு என் எதிர்ல வரட்டும். கை சும்மா இருக்காது. சொல்லிட்டேன்."

இருக்காது என்று அவளுக்கும் தெரியும். கேட்டில் அவன் கை ஓங்கிவிட்டால் கடைசி ஜீப் அவர்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

தெருவில் வேனின் ஹாரன் கேட்டது.

அவள் அவன் கையைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தாள்.

"அவர் நல்லாத்தான் தேடினார் தம்பி. அவரைத் தொடாதே."

முதல் நாள், ஆளைக் காணவில்லை என்ற படிவத்தை நிரப்பியது அந்த அதிகாரிதான் என்றாள். உயரம் கேட்டார், வயது கேட்டார். கடைசியாகச் சட்டையின் நிறம் கேட்டார். சொன்னாள். எழுதப்போனவர் எழுதாமல் நிமிர்ந்தார். மேலே வேறு ஏதாவது போட்டிருந்தாரா, ஒரு துண்டாவது, என்று கேட்டார். இல்லை என்றாள். பேனாவை மூடி மேஜைமேல் வைத்துவிட்டார்.

கொழுந்தன் புரியாமல் அவளைப் பார்த்தான்.

சாயத் தொழிற்சாலையில் நிறம் சரிபார்ப்பது அவள் வேலை. ஜன்னல் வெளிச்சத்தில் அவள் பார்த்துத் தலையாட்டாமல் ஒரு துணியும் லாரி ஏறாது.

கணவன் தன் பையில் எடுத்து வைத்திருந்தது மஞ்சள் சட்டை. அப்போதும் கொடுத்திருந்த இதே தாளைப் படித்துவிட்டு அதை எடுத்து வெளியே போட்டவள் அவள். அதோடு விட்டிருக்கலாம்.

தெருமுனை மரத்தடியில் பாதி காய்ந்த ஓர் இலையைப் பொறுக்கி, அவன் காட்டுக்குப் போட்டுப்போக வேறு சட்டை வாங்கக் கடைக்கு எடுத்துப்போனாள். இலையை ஒவ்வொரு சட்டைமேலும் வைத்து வைத்துப் பார்த்து ஏழு சட்டைகளைத் தள்ளினாள். எட்டாவதின் மேல் வைத்தபோது, இலை எங்கே இருக்கிறது என்று அவளுக்கே தெரியவில்லை.