லிம் சூனின் ஐந்தாவது தொழில்

லிம் சூனை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது எங்கள் தெருச் சங்கக் கூட்டத்தில். ரங்கூன், பசுந்தாங் பேட்டை. 1927-ல் மழை தொடங்க ஒரு வாரம் இருக்கும்.

கக்கத்தில் ஒரு மரப்பெட்டியோடு வாசலில் நின்றார். உட்காரச் சொல்ல நாங்கள் மறந்துவிட்டோம். ஆனால் "ஊ லிம்" என்றுதான் கூப்பிட்டோம். பர்மாவில் பெரியவர்களுக்கு 'ஊ' போட வேண்டும். மரியாதையில் நாங்கள் குறை வைப்பதில்லை.

அவர் கேட்டது, தெருமுனை மாடிப்படிக்குக் கீழே ஓர் ஆள் உட்காரும் இடம். சங்கம் ஒப்புக்கொண்டால்தான் அங்கே கடை போடலாம்.

"இந்தத் தடவை என்ன தொழில், ஊ லிம்?" என்றார் தலைவர் சபாபதி.

சொர்ணம்மாள் சிரித்துவிட்டாள்.

வேறு என்ன செய்வாள்? சீனாவிலிருந்து கப்பலில் வந்து இருபது வருஷம். அதற்குள் பிரம்பு நாற்காலி பின்னினார், விட்டார். கவுசுவே வண்டி தள்ளினார். அந்த நூடுல்ஸுக்கு ஆட்கள் காத்து நிற்கத் தொடங்கியதும் விட்டார். குடை தைத்தார். பல் பிடுங்கினார். நாலும் நன்றாக ஓடின. நாலையும் விட்டார்.

"நல்லவேளை, இவரு கல்யாணம் கட்டல. இதுக்குள்ள நாலு பொண்டாட்டியத் தள்ளி வச்சிருப்பாரு" என்றாள் சொர்ணம்மாள்.

லிம்மும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். பிறகு சொன்னார்:

"குடை. கண்ணு மங்கிப் போச்சு, வேற வேலை முடியாது. குடைன்னா கம்பியத் தடவியே தைப்பேன். ஒரு மழைக்காலம் போதும். வீட்டுல அரிசி இல்லே."

எல்லோரும் பொன்னுத்துரையைப் பார்த்தோம். தெருவின் குடைக்காரன் அவன்தான். நொண்டிக் காலை மெல்ல நீட்டிக்கொண்டான்.

"நான் பொறாமையில சொல்லலண்ணே. ஒரே தெருவுல ரெண்டு குடைக்காரன் இருந்தா ஒருத்தன் பட்டினி கிடக்கணும். நியாயமா சொல்லுங்க."

நியாயம்தான் என்றோம். எங்களுக்கு முன்னால் தலையாட்டியவர் லிம்.

"ஆமா. அது சரி."

பெட்டியோடு போய்விட்டார்.

"ரோஷமே இல்லாத மனுஷன்" என்றார் சபாபதி. "அதான் எதுவும் ஒட்டல."

சங்கத்துக்குக் காரியதரிசி நான். 'நிலையான தொழில் இல்லாதவர் என்பதால் இடம் மறுக்கப்பட்டது' என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எழுத்து அன்று அழகாக வந்திருந்தது.

அடுத்த கூட்டத்தில் செய்தி வந்தது. லிம் க்யிம்யிண்டைங் படித்துறையில் நெல் மூட்டை தூக்கப் போயிருக்கிறார். பதினோராம் நாள், படகிலிருந்து இறங்கும் பலகையில் மூட்டையோடு விழுந்தவர் எழவில்லை.

"அஞ்சாவதும் நிலைக்கல" என்றாள் சொர்ணம்மாள். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

பொன்னுத்துரை தரையைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"அந்தத் துறையிலதான் என் காலு போச்சு. மூட்டை தூக்க முடியாம ஊ லிம்கிட்ட வந்து நின்னேன். பக்கத்துல உக்கார வச்சுக் குடை தைக்கச் சொல்லிக் குடுத்தாரு. மூணு மாசத்துல 'இனி நீ தை'ன்னு எழுந்துட்டாரு. ஏன்னு கேட்டேன். ஒரே தெருவுல ரெண்டு குடைக்காரன் இருந்தா ஒருத்தன் பட்டினி கிடக்கணும்னாரு."

கவுசுவே வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று சொர்ணம்மாள் எழுந்து போனாள். தான் பின்னிய பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சபாபதி, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார். போனோம்.

நான் பல் வைத்தியன். 'தானாகவே கற்றுத் தேர்ந்தவர்' என்று என் போர்டில் இருக்கிறது. என் மனைவி இருந்தவரை அந்த வரியை அழிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். அழிக்கவில்லை.

என் பல் இடுக்கியின் பிடியில் ஒரு சீன எழுத்து வெட்டியிருக்கிறது.