விலகி வந்த கற்றை

மார்ச் 12, செவ்வாய், மேகமூட்டம், புழுக்கம். ஐம்பது வயதில் ஆராய்ச்சிக்கு வந்த நூர்ஜஹான், ஓராண்டு உழைத்து நுண்வரிகள் பதித்த கண்ணாடித் தட்டின்மீது லேசர் கற்றையைச் செலுத்தினாள். கற்றை எதிரொளித்துத் திரும்பவேண்டிய இடத்தில் ஒளியை அளக்கும் ஒளிமானியின் முள் அசையவே இல்லை. நான்கு மணிக்குள் ஆய்வு மேசையை அடுத்த குழுவுக்கு விட்டுத்தர வேண்டும்.

"தட்டு வீண்க்கா. தூக்கிப் போட்டுட்டு வாங்க, டீ ஆறுது," என்றார் ஆய்வக உதவியாளர் தணிகைவேல்.

"பட்ட இடத்துலயே திரும்ப இதென்ன முகம் பாக்குற கண்ணாடியா தணிகை? ஒளி உள்ள புகுந்து வரிகளோட கொஞ்ச தூரம் நடந்துட்டுதான் வெளிய வரும்."

தாங்கியின் திருகைத் திருகி, ஒளிமானியை வரிகளுக்குக் குறுக்கே மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள். முப்பத்தோராவது திருகலில் முள் எழுந்தது. தணிகைவேல் டீயைக் கீழே வைத்தார். அடுத்த குழுவினர் வெளியே கதவைத் தட்டினார்கள். அவள் குறிப்பேட்டில் முதலில் நேரத்தை எழுதினாள்: பிற்பகல் மூன்று மணி ஐம்பத்தெட்டு நிமிடம்.