மடலில் விடுபட்ட பெயர்

மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குத் துணைவேந்தரின் மடல் எல்லோருடைய மின்னஞ்சலுக்கும் வந்துவிடும். வளாகச் செய்திகள், நம்மவர் சாதனைகள், கடைசியில் தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லி ஒரு வரி.

தாவரவியல் பேராசிரியர் அதை மூன்று முறை படித்துவிட்டார். மூன்றாவது முறை, அடிக்குறிப்பு உட்பட.

"நூலகத்துப் பூனை மூணு குட்டி போட்டிருக்காம். அதுக்கு நாலு வரி," என்றார் பக்கத்து மேஜையிலிருந்த இயற்பியல் பேராசிரியர். "உங்களுக்கு ஒரு வரி கிடையாது."

"விட்டுப் போயிருக்கும்."

"எப்படி சார் விட்டுப் போகும்? உலகின் தலைசிறந்த நூறு விஞ்ஞானிகள்ல நீங்க ஒருத்தர். உங்க கைப்பட எழுதி வேற கொடுத்தீங்க. துணைவேந்தர் அம்மாவுக்கு வயித்தெரிச்சல். ஊரறிஞ்ச விஷயம்."

கைபேசி சிணுங்கியது. மனைவி.

"மடல் வந்துடுச்சாங்க? எங்க அண்ணன் ரெண்டு தடவை கேட்டுட்டார். செடிகொடி வாத்தியார்னு கேலி பண்ணுவாரே, இன்னிக்கு அவர் வாயை அடைக்கணும்."

"கொஞ்ச நேரத்துல அனுப்பறேன்," என்று சொல்லி வைத்தார். காது மடல் சூடாக இருந்தது.

"நேராப் போய்க் கேளுங்க," என்றார் இயற்பியல். "வாசல் வரைக்கும் நானும் வர்றேன்."

துணைவேந்தர் அவரைக் கண்டதும் உதவியாளரை ஏதோ கோப்பு தேட அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார்.

நடந்து வரும்போது ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றுகூடப் பேராசிரியருக்கு வாயில் வரவில்லை. "பூனைக்கு நாலு வரி மேடம்," என்றார்.

"அஞ்சு இருந்தது. ஒண்ணை நான்தான் வெட்டினேன். உட்காருங்க சார்."

"என் விருது..."

"மறக்கலை. வேணும்னுதான் எடுத்தேன்."

"அப்போ வெளியில உங்களைப் பத்திப் பேசிக்கறது சரிதான்."

துணைவேந்தர் கோபப்படவில்லை. ஒரு விருதுக் கடிதத்தை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினார். அதே விருதுக் குழு, அதே தங்க நிறக் கரை, அதே 'மாண்புமிகு விஞ்ஞானி அவர்களுக்கு'. பெயர்தான் வேறு.

"யார் மேடம் இது? நம்ம பல்கலைக்கழகம்னு போட்டிருக்கு. நான் பார்த்ததே இல்லையே."

"தினமும் பார்க்கறீங்க. மாடிப்படிக்குக் கீழே நிக்கிற ஜெராக்ஸ் மெஷின். அதுக்கு ஒரு பேர் வெச்சு விண்ணப்பம் போட்டேன். பத்தொன்பது வருஷ அனுபவம், லட்சக்கணக்கான பிரதிகள்னு உண்மையை மட்டும்தான் எழுதினேன். மறுநாளே தேர்வு பண்ணிட்டாங்க."

பேராசிரியர் தர வரிசை எண்ணைப் பார்த்தார். முப்பத்தெட்டு. அவருடையது நாற்பத்திரண்டு.

"என்னைவிட நாலு இடம் முன்னாடி," என்றார் மெல்ல.

"சீனியாரிட்டி பார்த்திருப்பாங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. துணைவேந்தரும் சிரிக்கவில்லை.

"கேக்கறவங்களுக்கெல்லாம் கொடுக்கறாங்க சார். நான் மடல்ல போட்டிருந்தா பன்னிரண்டாயிரம் பேர் படிப்பாங்க. நம்ம பசங்க மதியச் சாப்பாட்டுக்கு முன்னாடி பட்டியலைத் தோண்டி இந்த மெஷினையும் கண்டுபிடிச்சுடுவாங்க. அப்புறம் நீங்க வகுப்புக்குள்ள நுழையறப்பல்லாம் கடைசி பெஞ்சுல மெஷின் ஓடற சத்தம் கேக்கும்."

பேராசிரியருக்கு அது இப்போதே கேட்டது.

"இது யாருக்கெல்லாம் தெரியும் மேடம்?"

"என் வாயிலேருந்து யாருக்கும் போகாது. மெஷினுக்குப் பேச வராது." விடுப்பு விண்ணப்பம் ஒன்றை எடுத்து நீட்டினார். "விருது விழாவுக்குப் போறதுக்கு நீங்க கொடுத்தது. நான் இன்னும் கையெழுத்துப் போடலை. பதிவேட்டிலும் ஏத்தலை. எடுத்துட்டுப் போயிடுங்க."

பேராசிரியர் அதை நாலாக, எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். காலையிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று எழுந்து போன மாதிரி இருந்தது. உடனே அடுத்த கவலை வந்தது.

"வீட்ல என்ன சொல்றது? மச்சான் விட மாட்டார்."

"என்னைச் சொல்லுங்க. பொறாமைக்காரி, வேணும்னே போடலைன்னு. மேலதிகாரியைப் பத்திச் சொன்னா யாரும் ஆதாரம் கேக்க மாட்டாங்க."

"உங்களுக்குக் கெட்ட பேர் ஆயிடுமே மேடம்."

"அது ஏற்கெனவே இருக்கு. வீணாப் போக வேண்டாம்னு பார்க்கறேன்." துணைவேந்தர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "பதினெட்டு வருஷமா நீங்க பாசி வகை சேர்த்து வெச்சிருக்கீங்களே, ஆயிரத்து இருநூறு. அதைப் பத்தி ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க. அடுத்த மாசம் முதல் செய்தி அதுதான்."

வெளியே நடைகூடத்தில் இயற்பியல் பேராசிரியர் காத்திருந்தார். "என்ன சொல்றாங்க?"

"பொறாமை சார். சுத்தப் பொறாமை," என்றார் தாவரவியல். நல்ல சாப்பாட்டைப் பற்றிச் சொல்பவரைப் போல் முகம் மலர்ந்திருந்தது.

இயற்பியல் தலையாட்டினார். நடைகூடத்தின் இரண்டு பக்கமும் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இந்த வருஷம் மெஷினுக்கு எத்தனாவது இடம்?"

தாவரவியல் சட்டைப் பையைக் கையால் பொத்திக்கொண்டார். "முப்பத்தெட்டு."

"நல்லா முன்னேறியிருக்கு. போன வருஷம் எனக்கு அடுத்த இடத்துலதான் இருந்தது."