முதல் தரம்

செத்துப்போன மகள் செண்பகத்தின் முகத்துக்கு அடக்கவிலை நூற்றெண்பது ரூபாய். ஆயுள் முழுக்கப் பழைய சரக்கைப் புதுசென்று விற்ற பயறு மண்டிக்காரர் தவசிலிங்கம், அவள் முகத்தைப் பயறுகளால் பலகையில் ஒட்டுவதற்கு மட்டும் இந்த வருஷத்து விளைச்சலாகப் பொறுக்கினார். கூந்தலுக்குக் கறுப்பு உளுந்து, கன்னத்துக்கு மொச்சை, உதட்டுக்குச் சிவப்புக் காராமணி, கண்ணுக்கு இரண்டு புளியங்கொட்டை.

அடைமழையில் பலகை மாட்டிய சுவர் ஓதமேற, முகமெல்லாம் முளைவிட்டது.

“பழசா இருந்தா சிவனேன்னு கிடந்திருக்கும். குடு புள்ள, வேற ஒட்டித் தாரேன்.”

மனைவி அன்னக்கிளி பலகையை மார்போடு அணைத்தாள். “கைய வைக்காதீங்க. எம்மக வளருறா.”

தினமும் அவள் தண்ணீர் தெளித்தாள். முளைகள் தள்ளத் தள்ள உதிர்ந்ததை அவர் பொறுக்கி எண்ணினார். எட்டாம் நாளோடு உதிர்ந்தது மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு. பலகையில் பாக்கி, இரண்டு கண்கள்.