ஊதா ஏரி

கண்காட்சிக்குப் படங்களைத் தேர்ந்தெடுக்க வந்த ஓவியப் பேராசிரியர், ஒருவன் கொண்டுவந்திருந்த எண்ணெய் ஓவியத்தைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார்.

"எங்க படிச்சே?"

"நானாப் பழகினது சார்."

"அதானே பார்த்தேன்! ஏரித் தண்ணி எங்கயாவது ஊதாவா இருக்குமா? வரையறதுக்கு முன்னாடி கண்ணைத் திறந்து பார்க்கணும்யா. இதை மாட்டினா என் மானம் போயிடும். எடுத்துட்டுப் போ."

அவன் படத்தைச் சாக்கில் சுற்றினான்.

"விடியற நேரத்துல அந்தத் தண்ணி இப்படித்தான் சார் இருக்கும். எட்டு வருஷமா வாராவாரம் பார்க்கிறேன்."

"எந்த ஏரிய்யா அது?"

"உங்க படுக்கையறை ஜன்னலுக்கு நேரா இருக்கிறது சார். பன்னெண்டாவது மாடியில கயித்துல தொங்கிக்கிட்டு வெளிக்கண்ணாடி துடைக்கிறவன் நான்தான். உங்க வீட்டுத் திரை மட்டும் ஒருநாளும் விலகினதில்லை."