விடுபட்ட பெயர்

மலேசியாவில் தன் ஊரான பீடோரிலேயே நாலு கிளினிக் இருக்க, சியூ எங் இருபது வருடமாகப் பஸ் ஏறி தெலுக் இந்தானிலுள்ள இந்தக் கிளினிக்குக்குத்தான் வருகிறாள். "உங்க ஊர் டாக்டருங்க ஊசி போட்டா வலிக்குமா ஆன்ட்டி?" என்று மலாய்க்கார டாக்டர் ஹஸ்னிசா கேலி செய்வதுண்டு.

இன்று கேலி இல்லை. சியூ எங்கின் மார்பகப் புற்றுநோய் பரம்பரையாக வருவது என்று மரபணுப் பரிசோதனை சொல்லிவிட்டது.

"பெத்த பிள்ளைங்களுக்கும் இது இருக்கலாம் ஆன்ட்டி. ரெண்டு பேர்கிட்டயும் சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். ஆனா டாக்டர், நான் பெத்தது மூணு."

டாக்டர் நிமிர்ந்தார்.

"மூத்தவ எங்க சீனக் கணக்குப்படி புலி வருஷத்துல பொறந்தா. குடும்பத்துக்கு ஆகாதுன்னு மாமியார் முப்பதாம் நாளே வேற வீட்டுக்குக் கொடுத்துட்டாங்க. வளர்த்தவங்களைத்தான் பெத்தவங்கன்னு அவ நெனச்சிட்டிருக்கா. இப்பப் போய் எப்படிச் சொல்றது?"

"எங்க இருக்கான்னு தெரியுமில்ல? அப்புறம் என்ன? ரகசியம் முக்கியமா, உயிர் முக்கியமா?" டாக்டருக்குக் கோபமே வந்துவிட்டது. "நானா இருந்தா, இத்தனை நாள் ஏன் சொல்லலேன்னுதான் சண்டை போடுவேன்."

"நெசமாவா?"

"சத்தியமா. பேரைச் சொல்லுங்க, இப்பவே ரத்தப் பரிசோதனைக்கு எழுதித் தர்றேன்."

சியூ எங் மேசைமேல் நோயாளிகளைப் பார்த்தபடி இருந்த பெயர்ப்பலகையை எடுத்து, டாக்டரின் பக்கம் திருப்பி வைத்தாள்.

'ரம்லியின் மகள் டாக்டர் ஹஸ்னிசா' என்று அதில் எழுதியிருந்தது.