பாட்டு அங்கிளின் சாட்சி

சாப்பாட்டு மேஜையின் தலைப்பக்கம் வக்கீல் அனந்தராமன். அவருக்கு வலப்புறம் ஷ்யாமளா, இடப்புறம் அவள் கணவன் மாதவ். கார்ப்பெட்டில் ஷ்யாமளாவின் மகள், ஏழு வயது ஸ்ம்ருதி. வாசலோர ஸ்டூலில், கார் சாவியும் கையுமாக, பாட்டு அங்கிள்.

சனிக்கிழமைதோறும் ஸ்ம்ருதியைப் பாட்டு கிளாசுக்குக் கூட்டிப்போகிறவர் என்பதால் அவள் வைத்த பெயர் அது. இன்றைக்கு வக்கீல் வருவார் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"மாதவ் சார் இவளைத் தத்தெடுக்க ரெண்டே வழி. பெத்த அப்பா சம்மதம்னு கையெழுத்து போடணும். இல்லேன்னா ஒரு வருஷமா வரலை, பேசலை, செலவுக்குத் தரலை, குழந்தையைக் கைவிட்டுட்டார்னு ப்ரூவ் பண்ணணும்," என்றார் வக்கீல்.

"2001-ல இங்கே லே-ஆஃப்ல வேலை போனதும் இந்தியா போனவர்தான்," என்றாள் ஷ்யாமளா, மேஜை விரிப்பைப் பார்த்தபடி.

ஸ்டூலிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு வருஷம் வராம இருந்துட்டு அப்புறம் வந்தா, சார்?"

வக்கீலின் பேனா நின்றது. "வந்தாரா மேடம்?"

மாதவ் தொண்டையைச் செருமினான். ஷ்யாமளா மேஜை விரிப்பின் சுருக்கத்தை நீவினாள். "அப்பான்னு சொல்லிக்கிட்டு யாரும் வரலை."

"அங்கிள், வி ஆர் லேட்!" என்று சிணுங்கினாள் ஸ்ம்ருதி.

வக்கீல் சிரித்தார். "வாரா வாரம் வர்றவர் நீங்க. நீங்களே சாட்சி சொல்லலாமே சார்! அந்த ஆளை இந்த வீட்டுப் பக்கம் பார்த்ததே இல்லேன்னு நாலு வரி எழுதி என் ஆபீசுக்குப் போஸ்ட் பண்ணிடுங்க."

"அவர் எதுக்கு..." என்று பாதி எழுந்தான் மாதவ்.

"இருக்கட்டும் மாதவ். ஒரு பேப்பர் கொடுங்க," என்றார் பாட்டு அங்கிள்.

வக்கீல் கிளம்பிப் போனார். பாட்டு அங்கிள் நிதானமாக எழுதி, இரண்டு தரம் படித்துப் பார்த்து, உறையை ஒட்டினார். ஸ்ம்ருதியைக் காரில் உட்காரவைத்து பெல்ட் மாட்டிவிட்டு, தெருமுனைத் தபால் பெட்டிக்கு நடந்தார்.

ஷ்யாமளா வெறுங்காலோடு பின்னாலேயே ஓடிவந்தாள். "வேண்டாம், கொடுத்துடுங்க. உங்க வாயால பொய் சொல்ல வச்ச பாவம் எனக்கு வேண்டாம்."

கடிதம் பெட்டிக்குள் விழுந்தது.

"பொய் எழுதலை. தத்துக்குச் சம்மதம்னு எழுதியிருக்கேன்," என்றார் அவர். "சாட்சியா இல்ல, ஷ்யாமளா. அப்பாவா."